நாதஸ்வரம் ஒலித்த ஜெர்மன் ராக் இசை: அரை நூற்றாண்டைத் தாண்டிய 'எம்ப்ரியோ' குழுவின் கதை

படாளம் கூட்டுரோட்டில் ஒரு கல்யாண ஊர்வலம் போனால், முன்னால் பேண்டு செட்டோ, பெரிய மேளமோ கட்டாயம் இருக்கும். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் உற்சவத்திலும், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் வீதி உலாவிலும் நாயனமும் தவிலும் இல்லாமல் சாமி நகராது. மாமல்லபுரத்தில் சுற்றுலா வந்த வெளிநாட்டுக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டு நின்று செல்போனில் படம் பிடிப்பதும் வழக்கமான காட்சிதான்.

ஆனால், 1973-லேயே ஜெர்மனியின் ராக் குழு ஒன்று வெளியிட்ட இசைத்தட்டில் நாதஸ்வரம் ஒலித்தது என்பது பலருக்குத் தெரியாது. அதே குழு, சில வருஷம் கழித்து பஸ்ஸில் ஏறி தரை வழியாகவே இந்தியாவுக்கு வந்தது. தென்னிந்தியத் தாளக் கலைஞர்களோடு சேர்ந்து தட்டு வெளியிட்டது. சென்னையில் பிறந்த ஒரு தவில் கலைஞரோடும் மேடையைப் பகிர்ந்துகொண்டது.

அந்தக் குழுவின் பெயர் 'எம்ப்ரியோ'. 1969-ல் தொடங்கி அரை நூற்றாண்டைத் தாண்டியும் வாசித்துக்கொண்டிருக்கிறது. பெரிய ஹிட் பாட்டு என்று சொல்ல அதற்கு ஒன்றுகூட இல்லை. அப்புறம் எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது?

யார் இந்த எம்ப்ரியோ?

எம்ப்ரியோ என்றால் 'கரு'. ஜெர்மனியின் தென்பகுதியில் உள்ள மியூனிக் நகரில் 1969-ல் இந்தக் குழு உருவானது. தொடங்கியவர் கிறிஸ்டியன் புர்ஹார்ட். 1946-ல் பவேரியா மாநிலத்தின் ஹோஃப் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். டிரம்ஸும் வைப்ரஃபோனும் அவருடைய வாத்தியங்கள். வைப்ரஃபோன் என்பது உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, கோலால் தட்டி வாசிக்கும் கருவி. ஜலதரங்கத்தின் மணி ஓசையைக் கொஞ்சம் நினைவூட்டும்.

அவரோடு சேர்ந்து குழுவைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் எட்கர் ஹோஃப்மன். சாக்ஸஃபோனும் வயலினும் வாசிப்பார். முதல் தட்டு 'ஓபல்' 1970-ல் வந்தது. ப்ளூஸ், ஜாஸ், ராக் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாத கலவை அது. அடுத்த வருஷம் கிதார் கலைஞர் ரோமன் புங்கா சேர்ந்தார். பின்னாளில் இவர் அரபு நாடுகளின் 'ஊது' என்ற தந்தி வாத்தியத்தில் பெயர் பெற்றார்.

அந்தக் காலத்து ஜெர்மன் ராக் குழுக்களை பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'க்ராட்ராக்' என்று அழைத்தன. 'க்ராட்' என்றால் முட்டைக்கோஸ். ஜெர்மானியர்களைக் கிண்டல் செய்யும் சொல். கிண்டலாக வந்த பெயரே பிறகு ஒரு இசை வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

ப்ளூஸ் ஜெர்மனிக்கு எப்படிப் போனது?

ப்ளூஸ், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. அடிமை முறை ஒழிந்த பிறகும் பருத்தி வயல்களில் கூலி வேலையும் நிறவெறியும் தொடர்ந்த காலத்தின் வலி அதில் இருக்கிறது. ஒருவர் ஒரு வரி பாட, குரலோ வாத்தியமோ பதில் சொல்லும். நடவுப் பாட்டிலும் ஒப்பாரியிலும் நாம் கேட்கிற அதே அமைப்பு.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைகள் முகாமிட்டன. படையினருக்காக நடந்த வானொலியை உள்ளூர் இளைஞர்களும் கேட்டார்கள். ஜாஸும் ப்ளூஸும் அப்படித்தான் முதலில் காதில் விழுந்தன.

அடுத்த பெரிய திருப்பம் 1962. ஹார்ஸ்ட் லிப்மன், ஃப்ரிட்ஸ் ராவ் என்ற இரண்டு ஜெர்மன் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்கள், அமெரிக்காவின் ப்ளூஸ் கலைஞர்களை அழைத்து வந்து ஐரோப்பா முழுக்கக் கச்சேரி நடத்தினார்கள். 'அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல்' என்று பெயர். சொந்த நாட்டில் ஒதுக்கப்பட்ட கலைஞர்கள், இங்கே பெரிய அரங்குகளில் மரியாதையோடு வாசித்தார்கள். பிரிட்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் தலைமுறை இந்தக் கச்சேரிகளைக் கேட்டுத்தான் ப்ளூஸின் மூல வடிவத்தை நேரில் அறிந்தது.

புர்ஹார்ட் இன்னும் ஒரு படி நெருக்கமாகப் போனார். நியூயார்க்கில் பிறந்து மியூனிக்கில் குடியேறிய கறுப்பினப் பியானோ மேதை மால் வால்ட்ரனோடு எம்ப்ரியோ தொடங்கும் முன்பே வாசித்தார். வால்ட்ரன், பாடகி பில்லி ஹாலிடேயின் கடைசி வருஷங்களில் அவருக்குப் பியானோ வாசித்தவர். 1973-ல் வந்த 'ஷ்டைக் அவுஸ்', 'ராக்செஷன்' ஆகிய எம்ப்ரியோ தட்டுகளில் அவரும் வாசித்திருக்கிறார். தட்டைக் கேட்டுப் படிப்பதோடு நிற்காமல், அந்த இசைக்காரரையே பக்கத்தில் உட்கார வைத்துக் கற்பது. எம்ப்ரியோவின் பாணி அங்கேயே தெரிந்துவிட்டது.

நாதஸ்வரம் எப்படி உள்ளே வந்தது?

1973-ல் வெளியான 'வீ கீப் ஆன்' தட்டில் ஒரு புதிய பெயர் இருக்கிறது: சார்லி மரியானோ. 1923-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். ஜாஸ் உலகில் ஏற்கெனவே பெரிய சாக்ஸஃபோன் கலைஞர். 1960-களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பப்பட்டார். அங்கே தமிழர்களின் கோயில்களுக்காக ஒலித்த நாதஸ்வரம் அவரைப் பிடித்துக்கொண்டது. கற்க ஆரம்பித்தார். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து படித்தார்.

'வீ கீப் ஆன்' தட்டில் சாக்ஸஃபோன், புல்லாங்குழலோடு நாதஸ்வரத்தையும் அவர் வாசித்தார்.

ராக் இசையில் இந்திய வாத்தியம் என்பது அப்போது புதிதல்ல. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1965-லேயே சிதாரை எடுத்துவிட்டார். ஆனால், சிதார் மெல்லிய சத்தம் கொண்ட வாத்தியம். எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் முழங்கும்போது மைக் இல்லாமல் அது காதில் விழாது. நாதஸ்வரம் அப்படியில்லை. தெருவில், தேரடியில், நூற்றுக்கணக்கான பேர் நடுவே மைக் இல்லாமல் ஒலிப்பதற்கென்றே உருவான வாத்தியம். ராக் குழுவுக்கு ஈடுகொடுக்க அதற்கு யார் தயவும் தேவையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சாக்ஸஃபோனில் ஒற்றை நாணல் தகடு. நாதஸ்வரத்தில் சீவாளி. இரண்டிலுமே உதட்டின் அழுத்தத்தை மாற்றி ஸ்வரத்தை இழுக்கலாம், வளைக்கலாம். ப்ளூஸ் கலைஞர்கள் ஸ்வரத்தை வளைத்து அழுகையைக் கொண்டுவருவார்கள். நாயனக்காரர் கமகத்தால் ராகத்தின் உருவத்தைக் காட்டுவார். நோக்கம் வேறு, இலக்கணம் வேறு. ஆனாலும் ஒரு சாக்ஸஃபோன்காரரின் உதட்டுக்கு இது முழுக்க அந்நியமான வேலை இல்லை.

'கம்பெனி வேண்டாம், நாமே வெளியிடுவோம்'

பாட்டுக்கு மூன்று நிமிஷம், வானொலிக்கு ஏற்ற பல்லவி, பளிச்சென்று ஒரு பாடகர். இசைத்தட்டு நிறுவனங்கள் எதிர்பார்த்தது இதைத்தான். எம்ப்ரியோவிடம் இதில் எதுவும் இல்லை. ஒரே உருப்படி பத்து நிமிஷத்தைத் தாண்டும். மேடையில் அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் கச்சேரி.

1976-ல் அவர்கள் வேறு வழி தேடினார்கள். மிஸஸ் பீஸ்ட்லி, ஷ்பாரிஃபாங்கல் போன்ற குழுக்களோடு சேர்ந்து சொந்தமாக வெளியீட்டு நிறுவனம் தொடங்கினார்கள். முதலில் 'ஏப்ரல்' என்று பெயர் வைத்து, பிறகு 'ஷ்னேபால்' என்று மாற்றினார்கள். பனிப்பந்து என்று அர்த்தம். கலைஞர்களே தட்டைப் பதிவு செய்து, கலைஞர்களே விற்கும் ஏற்பாடு. ஜெர்மனியில் இப்படிக் கிளம்பிய முதல் முயற்சிகளில் இது ஒன்று.

வருமானம் பெரிதாக இல்லை. ஆனால், 'இதைப் போடாதே, அதைப் பாடு' என்று சொல்ல யாரும் இல்லை. இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான். ஹிட் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், ஹிட் இல்லாததால் குழு கலையவும் இல்லை.

பஸ்ஸில் இந்தியா

இந்தியக் கலைஞர்களோடு உறவு அதற்குள் வளர்ந்திருந்தது. 1977-ல் வந்த 'அப்போ கலிப்சோ' தட்டில் மும்பையைச் சேர்ந்த தாளக் கலைஞர் திரிலோக் குர்து வாசித்தார். அடுத்து இந்தியாவுக்கே போய்விடலாம் என்று குழு முடிவெடுத்தது. விமானத்தில் அல்ல, வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு பஸ்ஸில்.

1978-ல் மியூனிக்கிலிருந்து புறப்பட்டார்கள். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா. போகிற ஊரிலெல்லாம் உள்ளூர்க் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசிப்பது, அதைப் பதிவு செய்வது. இதுதான் திட்டம். காபூலில் ஆப்கான் கலைஞர்களோடு வாசித்தார்கள். அந்தப் பயணத்தின் பதிவுகள் 'எம்ப்ரியோஸ் ரைஸெ' என்ற இரட்டைத் தட்டாக 1979-ல் வந்தன. 'எம்ப்ரியோவின் பயணம்' என்று பொருள். இயக்குநர் வெர்னர் பென்ட்ஸல் எடுத்த 'வாகபுண்டன் கரவானே' என்ற ஆவணப்படம் 1980-ல் வெளியானது.

தேதிகளைக் கவனித்தால்தான் இந்தப் பயணத்தின் அருமை புரியும். 1978 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. அந்த வருஷக் கடைசியில் ஈரான் தெருக்களில் மன்னருக்கு எதிராகப் புரட்சி வெடித்துக்கொண்டிருந்தது. 1979 ஜனவரியில் ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். அதே வருஷம் டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு இளைஞர்கள் தரை வழியாக வந்துகொண்டிருந்த பாதை அத்தோடு மூடிக்கொண்டது. எம்ப்ரியோ, கதவு சாத்தப்படுவதற்குச் சற்று முன்பு அதைக் கடந்தது. காபூலில் அன்றைக்கு அவர்கள் பதிவு செய்த இசையை, பின்னாளில் அங்கே வாசிப்பதற்கே தடை வந்தது.

பெங்களூரில் கிடைத்த பாடம்

இந்தியாவில் குழுவுக்கு அமைந்த பெரிய உறவு, பெங்களூரில் இருந்த 'கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்'. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ்.மணி 1964-ல் தொடங்கிய தாள வாத்தியப் பள்ளி அது. அவருடைய மனைவி ஆர்.ஏ.ரமாமணி கர்னாடக இசைப் பாடகி. கொன்னக்கோலிலும் தேர்ந்தவர்.

கொன்னக்கோல் என்றால் 'தகதிமி தகஜணு' என்று தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை. மேற்கத்திய டிரம்ஸ் கலைஞர்களுக்கு இது பெரிய திறப்பு. எவ்வளவு சிக்கலான கணக்கையும் எழுதிப் படிக்காமல் சொல்லிப் பார்த்தே மனப்பாடம் செய்துவிடலாம்.

ப்ளூஸுக்கும் கர்னாடகத் தாளத்துக்கும் கணக்கு ஒத்துவருமா என்றால், வரும். ப்ளூஸின் அடிப்படை வடிவம் 12 பார். ஒரு பாருக்கு 4 எண்ணிக்கை. ஆக ஒரு சுற்றுக்கு 48. நம் ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை. 6 ஆவர்த்தனம் போட்டால் அதே 48. ப்ளூஸ்காரர் ஒரு சுற்று முடித்துத் தொடக்கத்துக்குத் திரும்பும் அதே புள்ளியில் மிருதங்கக்காரரும் சமத்துக்கு வந்து சேர்வார். நடுவில் இருவரும் எந்த வழியில் போனாலும், சேரும் இடம் ஒன்று.

இந்தக் கூட்டணியின் தட்டு 'லைஃப்' என்ற பெயரில் 1980-ல் வந்தது. கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: தட்டின் மேல் எம்ப்ரியோவின் பெயரோடு பெங்களூர்ப் பள்ளியின் பெயரும் சேர்ந்தே இருந்தது. இந்திய வாத்தியத்தைக் கொஞ்சம் வாசனைக்குச் சேர்த்துவிட்டு, கலைஞர் பெயரைப் பொடி எழுத்தில் போடும் வழக்கம் இருந்த காலம் அது. 'கூட வாசித்தவர்கள்' என்பதற்கும் 'சேர்ந்து செய்தவர்கள்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எம்ப்ரியோ தெரிந்து வைத்திருந்தது.

மரியானோவும் இதே பெங்களூர்க் குழுவோடு சேர்ந்து 'ஜோதி' என்ற தட்டை வெளியிட்டார். புகழ்பெற்ற இ.சி.எம் நிறுவனம் 1983-ல் அதை வெளியிட்டது.

சென்னையிலிருந்து கொலோனுக்கு ஒரு தவில்

இந்தக் கதையில் சென்னைக்கும் நேரடிப் பங்கு உண்டு. 1970-களில் இந்தியாவில் பேசப்பட்ட ராக் குழுக்களில் ஒன்று 'ஹியூமன் பாண்டேஜ்'. சுரேஷ் ஷோத்தம், ரமேஷ் ஷோத்தம் சகோதரர்களும் பாடகி ராதா தாமஸும் அதில் இருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த ரமேஷ் சென்னையில் பிறந்தவர்.

ராக் டிரம்ஸிலிருந்து அவர் போன பாதை தலைகீழானது. வழக்கமாக மிருதங்கம் கற்றவர்கள் டிரம்ஸுக்கு வருவார்கள். இவர் டிரம்ஸ் வாசித்துவிட்டு பெங்களூர்ப் பள்ளிக்குப் போய் தவில் கற்றார். கடம், கஞ்சிரா, மோர்சிங் எல்லாம் கூடவே வந்தன. பிறகு ஜெர்மனிக்குப் போய் கொலோன் நகரில் வாழ ஆரம்பித்தார். எம்ப்ரியோவோடு வாசித்தார். மரியானோவோடு வாசித்தார். லெபனானைச் சேர்ந்த ஊது கலைஞர் ரபீஹ் அபூ கலீல் 1992-ல் வெளியிட்ட 'ப்ளூ கேமல்' தட்டில் மரியானோவின் சாக்ஸஃபோனும் ரமேஷின் தென்னிந்தியத் தாளமும் சேர்ந்து கேட்கும். அவருடைய சொந்தக் குழுவின் பெயர் 'மெட்ராஸ் ஸ்பெஷல்'.

பலா மரத்தைக் குடைந்து செய்த தவிலின் ஒரு பக்கம் விரல்களில் கூடு மாட்டி அடி, மறுபக்கம் கம்பால் அடி. டிரம்ஸ் கலைஞர் கண்ணுக்கு, ஒரே ஆள் இரண்டு வாத்தியம் வாசிப்பதுபோல் தெரியும். கொலோனில் தவில் கேட்டு வியந்த ரசிகர்கள், அந்த வாத்தியம் செங்கல்பட்டுப் பக்கம் சாதாரணக் கல்யாணத்திலேயே ஒலிக்கும் என்று கேட்டால் இன்னும் வியப்பார்கள்.

பிரிந்தாலும் வளர்ந்தது

நீண்ட பயணம் குழுவுக்குள் பிரிவையும் கொண்டுவந்தது. ஊவே முல்ரிச், மிஷி வேமயர், ஃப்ரீடோ யோஷ் மூவரும் 1981-ல் தனியே போய் 'டிசிடென்டன்' குழுவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் தட்டு 'ஜெர்மனிஸ்தான்' 1982-ல் வந்தது. அதிலும் பெங்களூர்ப் பள்ளிக் கலைஞர்கள் இருந்தார்கள். பிறகு மொராக்கோ பக்கம் திரும்பி, 'சஹாரா எலெக்ட்ரிக்' தட்டின் மூலம் உலகப் புகழ் பெற்றார்கள்.

இப்படிப் பிரிவு வந்தால் பெரும்பாலான குழுக்கள் கதை முடிந்துவிடும். எம்ப்ரியோ முடியவில்லை. காரணம், அது முதலிலிருந்தே நான்கு முகங்களை நம்பிய குழு அல்ல. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புர்ஹார்ட் ஒருவர்தான் நிரந்தரம். கூத்து ஜமாவில் வேஷக்காரர்கள் மாறினாலும் வாத்தியார் இருக்கும்வரை ஜமா நடக்கிறதே, அந்த மாதிரி.

அப்பாவுக்குப் பிறகு மகள்

வாத்தியாரே போய்விட்டால்? 2016-ல் அந்தக் கேள்வி வந்தது. புர்ஹார்ட் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். 2018 ஜனவரியில், 71 வயதில் காலமானார்.

குழுவை ஏற்றவர் அவருடைய மகள் மரியா புர்ஹார்ட். 1985-ல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே மேடையில் ஏறியவர். அப்பாவைப்போல வைப்ரஃபோன் வாசிப்பார். கீபோர்டும் டிராம்போனும் கைவசம் உண்டு. 2021-ல் அவர் தலைமையில் 'அவுஃப் அவுஃப்' தட்டு வந்தது. வெளியிட்டது, அமெரிக்க ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் மேட்லிப்பின் நிறுவனம். பழைய ஜெர்மன் தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்கும் ஹிப்-ஹாப் தலைமுறை, எம்ப்ரியோவைப் புதிதாகக் கண்டெடுத்ததன் அடையாளம் இது.

பழைய கை ஒவ்வொன்றாக விடைபெற்றுவிட்டது. மரியானோ 2009-லும், டி.ஏ.எஸ்.மணி 2020-லும், ரோமன் புங்கா 2022-லும் மறைந்தார்கள். குழு மட்டும் தொடர்கிறது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வாத்தியம் கைமாறுவது நாயனக் குடும்பங்களுக்குப் பழகிய விஷயம். ராக் உலகில் அது அபூர்வம்.

இதில் நமக்கு என்ன?

ஐரோப்பியர் பாராட்டினால்தான் நம் வாத்தியத்துக்கு மதிப்பு என்பதில்லை. பார்க்க வேண்டியது வேறு. எம்ப்ரியோ பிழைத்ததற்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. வெளியீடு சொந்தக் கையில் இருந்தது. வெளிநாட்டுப் பயணங்களுக்கு, சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கெதே நிறுவனம் போன்ற அமைப்புகளின் ஆதரவு கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதுசு கற்க யாரிடமும் போய் உட்காரும் மனசு இருந்தது.

தமிழ்நாட்டில் நாயன, தவில் கலைஞர்களின் நிலை வேறு. பிழைப்பு முகூர்த்த மாதங்களையும் கோயில் உற்சவங்களையும் நம்பியே இருக்கிறது. ஆடி வந்தால் கல்யாணம் இல்லை, கையில் காசும் இல்லை. ஊர்வலத்தில் டி.ஜே. செட் வந்து பாதி இடத்தைப் பிடித்துவிட்டது. சபா மேடைகளில் வாய்ப்பாட்டுக்குக் கிடைக்கும் இடம் பெரிய மேளத்துக்குக் கிடைப்பதில்லை என்ற குறை பல தலைமுறையாக இருக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்று வருஷப் படிப்பாகச் சொல்லித் தரப்படுகின்றன. படித்து முடித்தவர்கள் வருஷம் முழுக்க வாசிக்க மேடை எங்கே என்பதுதான் கேள்வி.

மியூனிக்கில் ஒரு ராக் குழு நாதஸ்வரத்தைச் சேர்த்தபோது, அதை அடக்கி வாசிக்கச் சொல்லவில்லை. முழுச் சத்தத்தில் ஒலிக்க விட்டது. இங்கே அந்த வாத்தியத்துக்குத் தேவைப்படுவதும் அதே மாதிரி ஒரு இடம்தான்.

எம்ப்ரியோவைக் கேட்க ஆரம்பிப்பவர்கள் 'வீ கீப் ஆன்' தட்டில் தொடங்கலாம். அடுத்து 'எம்ப்ரியோஸ் ரைஸெ', 'லைஃப்'. கர்னாடக இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு 'ஜோதி' உடனே பிடிக்கும். கடைசியாக 'அவுஃப் அவுஃப்' கேட்டால், அப்பா தொடங்கியதை மகள் எங்கே கொண்டுபோயிருக்கிறார் என்பது தெரியும்.